பாங்காக்கை உப்பளத்தில் நடந்து பார்த்தோம்

முட்செடி மண்டிக் கிடந்த களர் நிலத்தில் நாற்பது உப்புப் பாத்தி கட்டினேன். ஓடைத் தண்ணீர் இந்த மேட்டுக்கு ஏறாது என்று மரக்காணமே சொன்னது, ஏற்றினேன். புயல் வரப்பையெல்லாம் கரைத்துக்கொண்டு போன வருடம் மற்றவர்கள் நிலத்தை விற்றார்கள். நான் மறுபடி கட்டினேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், இரண்டு பிள்ளைகளைப் பட்டதாரி ஆக்கினேன். இவற்றோடு பாங்காக் பயணத் திட்டத்தையும் சேர்க்க வேண்டும். அதைப் போட்டது என் மகள் என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொள்கிறார்கள். நடந்ததை எழுதிவிடுகிறேன்.

மகளுக்குச் சென்னையில் வேலை. மழை விழுந்து உப்பளம் ஓய்ந்த வாரத்தில் வந்தவள், அடுத்த மாதம் நாலு நாள் பாங்காக் போகலாம் என்று போனில் படம் படமாகக் காட்டினாள். ஊருக்கு நடுவே அத்தனை பெரிய ஆறு, அதில் பஸ் மாதிரி நின்று நின்று போகும் படகு, கரையில் தங்கக் கூரை போட்ட அரண்மனை. அந்த ஊருக்கு உப்பு எங்கிருந்து வருகிறது, ஒரு படகை விட்டால் அடுத்தது எப்போது என்று கேட்டுக் கேட்டு அவளைச் சலிக்க வைத்தேன்.

பிறகுதான் மெதுவாகச் சொன்னாள். "அத்தா, அம்மா வேணாம். அந்த முட்டிய வச்சிக்கினு அங்க நடக்க முடியாது. நாம ரெண்டு பேரும் போய்ட்டு வந்துடலாம்."

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த என் மனைவி, "போய்ட்டு வாங்க, நான் பாங்காக்கப் பாத்து என்ன பண்ணப்போறேன்" என்றாள். ஆனால் மகள் போனைக் கீழே வைத்தபோதெல்லாம் "அந்தப் படகக் காட்டு" என்று கேட்டது அவள்தான்.

"முடியுமா முடியாதான்னு நடந்து பாத்தாத் தெரிஞ்சிடும்" என்றேன். பாங்காக்கில் முதல் நாள் எங்கிருந்து எங்கே எவ்வளவு நடை என்று மகளைப் படிக்கச் சொன்னேன். என் வரப்பு ஒவ்வொன்றின் நீளமும் என் காலுக்குத் தெரியும்.

மறுநாள் காலை மூவரும் உப்பளத்துக்குப் போனோம். மோட்டார் கொட்டகைதான் ஓட்டல். கிழக்கு வரப்பு முடியும் இடம் அரண்மனை. அங்கிருந்து ஓடைக்கரை வரை போனால் படகுத்துறை. வரப்புக்கு மண் அணைத்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"என்னம்மா, காலங்காத்தால எங்க கெளம்பிட்டீங்க?"

"பாங்காக்குக்கு" என்றாள் என் மனைவி.

"எங்களுக்கு என்னா வாங்கினு வருவீங்க?"

"மண்ணுதான் இருக்குது. வேணுமா?"

அவர்கள் சிரித்து முடிப்பதற்குள் அரண்மனையைத் தாண்டிவிட்டாள். நிற்கவே இல்லை. ஓடைக்கரைச் சரிவில்தான் நின்றாள். "எறங்க முடியலங்க."

"பாத்தீங்களா அத்தா?" என்றாள் மகள்.

பார்த்தேன். அவள் பார்த்ததை அல்ல. சமதரையில் எவ்வளவு தூரமும் நடக்கிறாள், சரிவுதான் ஆகவில்லை. படகுத்துறைப் படங்களை மறுபடி காட்டச் சொன்னேன். துறை தண்ணீரில் மிதக்கிறது. கரையிலிருந்து அதற்கு ஓர் இரும்புப் பாலம். ஒரு படத்தில் பாலம் மட்டமாக இருந்தது, இன்னொன்றில் சறுக்கு மாதிரிச் சாய்ந்திருந்தது. மகள் அதைக் கவனிக்கவில்லை. கடல் தண்ணீர் ஓடையில் ஏறுவதையும் வடிவதையும் பார்த்தே பிழைத்தவனுக்கு அது போதாதா?

"அந்த ஆத்துல கடல் தண்ணி ஏறுது. தேடிப் பாரு."

தேடினாள். ஏறுகிறதாம். நாங்கள் போகும் நாட்களில் எந்த நேரத்துக்கு எவ்வளவு என்ற கணக்கே போனில் இருந்தது. அந்தக் கரையிலேயே உட்கார்ந்து நாலு நாளையும் திருப்பிப் போட்டேன். தண்ணீர் ஏறி, பாலம் மட்டமாக நிற்கும் நேரம் படகு. வடிந்த நேரம் சாப்பாடு, தொழுகை, ஓய்வு. ஆற்றங்கரையில் செங்குத்தான படி வைத்த கோபுரத்தைப் படகிலிருந்தே பார்த்துக்கொள்வது. பள்ளிவாசல் பக்கத்துச் சாப்பாட்டுக் கடைகளைக் கண்டுபிடித்தது மகள். அதை நான் மறுக்கவில்லை.

அவள் போனில் டிக்கெட் பக்கத்தைத் திறந்தாள். பிறகு, "மூணு டிக்கெட்டாப் போட்டுடறேன்த்தா" என்றாள்.

"மக்காவுக்கு உம்ரா போக எடுத்த பாஸ்போர்ட் பீரோ மேல்தட்டுல இருக்குது" என்றாள் என் மனைவி, யாரும் கேட்காமலேயே.

அன்று மாலையே குடும்பக் குரூப்பில் திட்டம் வந்துவிட்டது, 'நான் போட்ட பிளான்' என்ற தலைப்போடு. துபாயிலிருந்து என் மகன் அவளுக்குக் கைதட்டு அனுப்பினான்.

மகளே, இதை நீ படிப்பாய். அந்தத் தலைப்பை எடுத்துவிடு. முதல் வரியில், சாப்பாட்டுக் கடைகளுக்கு மேலே, 'படகு நேரம் பிரித்தது அத்தா' என்று எழுதி மறுபடி அனுப்பு. விமானம் ஏறுவதற்கு முன்னால் அதை எல்லாரும் பார்த்திருக்க வேண்டும்.