நாலாம் எண் பீப்பாய்

மோரீன் ஓல்டுராய்டு முப்பத்தொரு வருடம் ஹடர்ஸ்ஃபீல்டு கம்பளி ஆலையில் துணி பார்த்தவர். தறியிலிருந்து வந்த துணியைச் சாய்ந்த மேசையில் விரித்து, விரல் நுனியால் முடிச்சையும் அறுந்த இழையையும் தேடுவதுதான் வேலை. பீரையும் அப்படித்தான் குடிப்பார். முதலில் குறை, பிறகுதான் மற்றதெல்லாம்.

எங்கள் கிரிக்கெட் கிளப்பில் வருடா வருடம் ஏப்ரலில், பிட்டர் என்கிற கசப்பு பீருக்குப் போட்டி. காய்ச்சுகிறவர்கள் ஆளுக்கு இரண்டு பீப்பாய் தருவார்கள். ஒன்று போட்டிக்கு, ஒன்று கையிருப்புக்கு. ஜெயித்த பிட்டர் அந்தக் கோடை முழுக்க எங்கள் பாரில் ஓடும். மோரீன், ஜெஃப், நான் மூவரும் நடுவர்கள்.

நெவில் பாராகிளஃப் வீட்டுக்குப் பின்னால் இருந்த பழைய குதிரை லாயத்தில் பிட்டர் காய்ச்சுகிறான். பதினெட்டு வருடம் இந்த கிளப்புக்குப் பந்து வீசியவன். தன் பிட்டர் ஒரு கோடையாவது இங்கே ஓட வேண்டும் என்று ஐந்து முறை வந்து ஐந்து முறையும் தோற்றிருந்தான்.

"மோரீன் கண்ணு, இந்தத் தடவையாவது சிரிச்ச முகமா குடி" என்றான், பீப்பாயை இறக்கும்போது.

"உன் பீரு சிரிக்க வச்சா சிரிக்கிறேன் ராசா."

அந்த வருடம் பீப்பாய்களைக் கவனிக்கிற ஆள் முழங்கால் அறுவைக்குப் போய்விட்டார். மோரீன் தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். அதற்கு முன்பே வேறு ஆட்கள் பீப்பாய்களைச் சாக்கால் மூடி எண் மட்டும் ஒட்டியிருந்ததால், எது யாருடையது என்று அவருக்கும் தெரியாது.

சனிக்கிழமை மதியம் ஐந்து பீப்பாய்களிலிருந்தும் பிடித்த ஜாடிகள் வந்தன. கிளாஸை ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்ப்போம், முகர்வோம், பிறகு ஒரு வாய். துப்புகிற வழக்கம் இல்லை. பிட்டரின் கசப்பு விழுங்கிய பிறகுதான் முழுசாகத் தெரியும். அடுத்ததற்கு முன் ஒரு துண்டு வெறும் ரொட்டி.

ஒன்று சுமார். இரண்டு நன்றாக இருந்தது. மூன்றில் வெண்ணெய் வாடை. நாலாவது பளிச்சென்று செம்பு நிறம், ஆரஞ்சுத் தோல் வாசனை. வாயில் வைத்தால் உயிரே இல்லை.

"நேத்து போட்ட டீ மாதிரி இருக்கு" என்றான் ஜெஃப்.

மோரீன் இருபதுக்கு எட்டு எழுதினார். ஐந்தாவதையும் குடித்து முடித்தார். பிறகு நாலாவதை இன்னொரு வாய் குடித்தார்.

"காய்ச்சினதுல குறை இல்ல. காத்து போயிருக்கு" என்று எழுந்து பின்னறைக்குப் போனார்.

திரும்பி வந்தபோது கையில் மூங்கில் முளை இருந்தது. பீப்பாயின் மேல் துளைக்கு இரண்டு வகை முளை உண்டு. பீர் பொங்கும்போது மூங்கில் முளை. அது காற்றை விடும். அடங்கியதும் கட்டை முளை, அது அடைத்துவிடும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மற்ற நான்குக்கும் கட்டை முளை அடித்தாயிற்று. நாலாவது இன்னும் நுரைத்துக்கொண்டிருந்தது. சாப்பிட்டுவிட்டு வந்து மாற்றலாம் என்று போன மோரீன் டாமினோ ஆட்டத்தில் உட்கார்ந்துவிட்டார். ராத்திரி முழுக்க மூங்கில் முளை வழியாகக் காற்று போயிருந்தது.

"யாரு பாத்தா?" என்றான் ஜெஃப். "கிளாஸ்ல இருக்கிறதுக்குத்தான் மார்க். விதியே அதுதானே."

"மார்க்க நான் மாத்தல. குடிச்சது எட்டுதான். அந்த எட்டுக்குக் காரணம் நான்னு சொல்லணுமில்ல?"

"சொன்னா அடுத்த வருஷம் உன்னை யாரு கூப்பிடுவா?"

"கூப்பிடாட்டி வீட்ல குடிக்கிறேன்."

காய்ச்சியவர்கள் ஐந்து பேரும் பாரில் காத்திருந்தார்கள். மோரீன் முளையைத் தூக்கிக் காட்டி, நடந்ததை இரண்டே வரியில் சொன்னார். யாருடைய பீர் கெட்டது என்று யாருக்கும் தெரியாது. சாக்கை எடுத்தோம். நெவிலுடையது.

அவன் முளையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். காது வரை சிவந்திருந்தான்.

"டாமினோவுல ஜெயிச்சியா?"

"தோத்தேன்."

"நல்லது."

கையிருப்புப் பீப்பாய்களை வைத்து அடுத்த சனிக்கிழமை மறுபடி நடத்துவதென்று முடிவாயிற்று. எண்களை மாற்றி ஒட்டினோம். மோரீன் நடுவராக உட்கார மறுத்துவிட்டார். முளைகளை மட்டும் பார்த்தார். எப்போது எதை மாற்றினார் என்று ஒவ்வொரு பீப்பாயிலும் சாக்பீஸால் எழுதி வைத்தார். அந்த வாரம் டாமினோ பக்கமே போகவில்லை.

ஜெஃபும் நானும் குடித்தோம். ஐந்தும் உயிரோடு இருந்தன. நெவிலுடையதற்குப் பதினாறு வந்தது. ஹாலிஃபாக்ஸ்காரர் ஒருவருடையதற்குப் பதினேழு.

 நெவில் தன் பீரில் ஒரு கிளாஸ் பிடித்துக்கொண்டு மோரீனிடம் வந்தான்.

"போன வாரம் தோத்தது உன் முளை. இன்னிக்குத் தோத்தது என் பீரு. இது பரவால்ல. இந்தா, குடிச்சிட்டுச் சொல்லு."

மோரீன் கிளாஸை ஜன்னல் பக்கம் தூக்கினார். முகர்ந்தார். குடித்தார். அவசரமே இல்லை.

"பதினாலு."

"அடிப்பாவி! இவங்களே பதினாறு குடுத்தாங்க!"

"இவங்களுக்கு இரக்கம் ஜாஸ்தி. கசப்பு சரியா நிக்குது. அதுக்கு முன்னாடி ஒரு இனிப்பு வந்து வழிய மறிக்குது பாரு. இனிப்பு குடுக்கிற பார்லி மால்ட்டைக் குறை."

"எவ்வளவு?"

"அத நீதான் காய்ச்சிப் பாக்கணும்."

நெவில் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, கிளாஸ் வைக்கும் அட்டையின் பின்பக்கம் எழுதிக்கொண்டான்.