பூட்டை உடைத்த எழுத்து

எழுதத் தெரிந்தவர்கள் உட்கார வேண்டிய இடத்தில் நான் உட்கார்ந்திருப்பதை முதலில் பொறுத்துக்கொள்ள வேண்டும். பத்தாவதும் டைப்ரைட்டிங்கும்தான் என் படிப்பு. பேசவே கூச்சப்படுகிறவன். எழுதினால் யாரும் என் முகத்தைப் பார்க்கப் போவதில்லை என்ற தைரியம்தான்.

எண்பதுகளின் கடைசியில், சிம்மக்கல்லில் வெங்காய மண்டிக்கு மேல்மாடியில் இருந்த கம்ப்யூட்டர் சென்டரில் மூன்று மாதச் சோதனை முறையில் வேலைக்குச் சேர்ந்தேன். "அடுத்த ஆளு பூட்டுன ஃபைல்ல கை வச்சீங்கன்னா அன்னைக்கே வீட்டுக்குப் போயிரலாம்" என்று முதலாளி சொல்லியிருந்தார்.

புரோகிராம்களின் பழைய பிரதி, புதிய பிரதி எல்லாவற்றையும் ஒரு சாஃப்ட்வேர் அடுக்கி வைத்திருக்கும். ஒருவர் திருத்த எடுத்தால் அவர் பெயரில் பூட்டு விழும். உள்ளே வைக்க ஒரு கட்டளை, வெளியே எடுக்க ஒரு கட்டளை, மேற்பார்வைக்கு மூன்றாவதாக ஒன்று. முதல் இரண்டிலும் யு என்ற எழுத்தைச் சேர்த்தால் படிக்க மட்டும் ஒரு பிரதி கிடைக்கும். மூன்றாவதிலும் அப்படித்தான் என்று நம்பினேன்.

அன்று சீனியர் அண்ணன் ஒரு கல்லூரியின் ஹால் டிக்கெட் ஃபைலைப் பூட்டிவிட்டு, அக்கா மகளை மடியில் வைத்துக் காது குத்த எழுமலைக்குப் போயிருந்தார். அதில் ஒரு தலைப்பின் அகலத்தை நான் பார்க்க வேண்டியிருந்தது. அவர் எடுத்து வைத்திருப்பதை நானும் வெளியே எடுப்பது மரியாதையாகப் படவில்லை. இருந்த இடத்திலேயே பார்த்துக்கொள்வோம் என்று மூன்றாவது கட்டளையில் யு போட்டேன். அங்கே அந்த எழுத்துக்குப் பூட்டை உடை என்று பொருளாம். உடைத்துவிட்டு, பூட்டியவருக்குக் காரணம் எழுதச் சொன்னது திரை.

ஆங்கில எழுத்தில் தமிழை அடித்தேன்: அண்ணே, சும்மா பார்க்கத்தான் நினைத்தேன். என்டர் தட்டினால் அடுத்த வரி வந்து காத்து நின்றது. இந்தக் காரணம் போதவில்லை போலும் என்று, விசேஷத்துக்கு வராததற்கும் மன்னிப்புக் கேட்டேன். அப்போதும் நின்றது. போன வாரம் அவர் நாற்காலியில் உட்கார்ந்ததையும் ஒப்புக்கொண்டேன்.

"அக்கா, இது விட மாட்டேங்குது" என்றேன், பக்கத்துக் கம்ப்யூட்டரில் வேலை பார்த்துக்கொண்டிருந்த அக்காவிடம்.

எட்டிப் பார்த்தார். "எம்புட்டு எழுதியிருக்கீங்க தம்பி. லவ் லெட்டர்கூட இம்புட்டு வராது."

"நிறுத்தத் தெரியலக்கா."

"தனி வரியில ஒத்தப் புள்ளி வச்சுத் தட்டுங்க."

தட்டினேன். கடிதம் போய்விட்டது.

"அண்ணன் செஞ்ச வேலையும் போச்சாக்கா?"

"அது அவரு வந்து பாத்தாத்தான் தெரியும். கறிச்சோறு தின்னுட்டு நல்ல மனசோடதான் வருவாரு, பயப்படாதீங்க."

மறுநாள் காலை அண்ணன் வந்து கடிதத்தைக் கடைசி வரி வரை படித்தார். அவர் திருத்தியதெல்லாம் அவர் வெளியே எடுத்து வைத்திருந்த பிரதியில் பத்திரமாக இருந்தது. ஃபைலை மறுபடி பூட்டிக்கொண்டார். முதலாளியிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. இவ்வளவு நீளம் அடிக்கிற கை சும்மா இருக்கக் கூடாது என்று, அண்ணனும் அக்காவும் எனக்கு டைப் செய்ய இரண்டு ஃபைல் கொடுத்தார்கள்.