செங்கல் சூளைக் குட்டையில் வெள்ளோட்டம்

அம்மா கூட்டித் துடைக்கிற ஆபீஸில் எல்லோரும் கழுத்தில் ஐடி கார்டு டேக் மாட்டியிருப்பார்கள். அந்த டேக் ஒன்று என் கழுத்திலும் தொங்க வேண்டும் என்பது அவளுடைய ஆசை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போனவன் நான் ஒருவன்தான். அதுவும் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் வரைக்கும். ஆனால் படிப்பு முடிந்ததும் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஓர் இன்ஜின் பட்டறையில் போய்ச் சேர்ந்துகொண்டேன்.

"உங்கப்பன் பாடி குடோன்ல மூட்ட தூக்கறான், நான் மாப்பு புடிக்கறேன். படிச்ச நீயும் கிரீஸோட ஊட்டுக்கு வந்தா நாங்க இன்னாத்துக்குடா படிக்க வச்சோம்?" என்பாள்.

கடைசியில் அவளே ஆபீஸ் மேனேஜரிடம் பேசி, அங்கேயே எனக்கு ஒரு கம்ப்யூட்டர் வேலைக்கு ஏற்பாடு செய்துவிட்டாள். திங்கட்கிழமை சேர வேண்டும். முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை, பட்டறையில் நான் கட்டின ஒரு இன்ஜினுக்கு வெள்ளோட்டம். நான் ஒரு ஒப்பந்தம் போட்டேன்.

"நீயே வந்து பாரும்மா. நான் கட்டின இன்ஜின் அரை மணி நேரம் நல்லா ஓடிச்சின்னா பட்டறைலயே இருக்கறேன். ஓடலன்னா டேக்கு."

"ஓடலன்னா அப்பால பேச்சு மாறக்கூடாது" என்றாள். சம்மதம் என்றேன்.

இன்ஜின் ஒரு பழைய ஸ்பீடு போட்டினுடையது. முழுக்க மரத்தால் செய்த படகு, அம்மாவைவிட மூத்தது. ஆவடியில் அபார்ட்மென்ட்டில் இருக்கிற ஒரு சார், கப்பல் வேலையிலிருந்து ரிட்டையர் ஆனவர், அதை எங்கிருந்தோ வாங்கி வந்து பார்க்கிங்கில் வைத்து வார்னிஷ் அடித்துக்கொண்டிருந்தார். கார் நிறுத்துகிற இடத்தில் படகு என்று அபார்ட்மென்ட்டில் ஏகப்பட்ட சண்டை. அதன் நாலு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின் துருப்பிடித்து இறுகிப்போய் எங்கள் பட்டறைக்கு வந்தது. முதலாளி அண்ணாத்தே அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "லாரி இன்ஜின்னா கண்ண மூடிகினு செய்வேன். இது உன் கேஸுடா தம்பி. நீயே கழட்டு, நீயே மாட்டு. நான் நடுவுல வர மாட்டேன்" என்று சொல்லிவிட்டார்.

அப்படியே செய்தார். சிலிண்டரை உள்ளே கடைந்து போர் போட்டது, புது பிஸ்டன், ரிங், வால்வு தேய்த்தது எல்லாமே நான். பட்டறையில் ஸ்டாண்டில் வைத்து, டிரம்மில் தண்ணீர் நிரப்பி ஹோஸ் கொடுத்து ஓட்டியும் பார்த்தேன். நன்றாகத்தான் ஓடியது. ஆனால் அங்கே அதற்குச் சுமை கிடையாது. படகில் மாட்டி, காத்தாடி தண்ணீரைத் தள்ளும்போதுதான் இன்ஜினின் உண்மையான யோக்கியதை தெரியும். சார் சொன்ன கணக்கும் அதுதான்: அரை மணி நேரம், வேகத்தை ஏற்றி இறக்கி, டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொடக்கூடாது.

காத்தாடி என்று நாங்கள் சொன்னது படகுக்கு அடியில் சுற்றுகிற பித்தளை இறக்கைகளை. பழையது ஓர் இறக்கை உடைந்து கிடந்தது. அண்ணாத்தே காசிமேட்டுப் பழைய சாமான் கடைகளில் அலைந்து அதே அளவில் ஒன்றைப் பிடித்து வந்தார். நான் வெர்னியர் ஸ்கேல் வைத்து அளந்தேன். துளை சரி, அகலம் சரி. சாரும் தட்டிப் பார்த்து, "பிரமாதம்" என்றார்.

வேப்பம்பட்டுக்கு அந்தப் பக்கம் சாருடைய நண்பருக்கு மூடிப்போன செங்கல் சூளை இருந்தது. மண் எடுத்த பள்ளம் மழையில் நிரம்பி, எதிர்க்கரையில் நிற்கிற மாடு ஒரு நாய் அளவுக்குத் தெரிகிற மாதிரி பெரிய குட்டை. படகை டிரெய்லரில் வைத்து, குட்டி யானை மினி லாரியில் கோத்துக் கொண்டுபோனோம். அம்மா முன்சீட்டில், மடியில் லெமன் சாதத் தூக்கோடு.

இறக்குவதற்கு முன்னால் அம்மா நிறுத்தினாள். பையிலிருந்து கற்பூரமும் எலுமிச்சம்பழமும் வெளியே வந்தன. கற்பூரம் சுற்றியாயிற்று. பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு படகை முன்னும் பின்னும் பார்த்தாள்.

"இதுக்கு சக்கரம் எங்கடா கீது?"

"போட்டுக்கு சக்கரம் இல்லம்மா."

"அப்ப பழத்த எங்க வச்சி நசுக்கறது?"

அண்ணாத்தே தலையைச் சொறிந்தார். சார் ரொம்ப மரியாதையாக, "டிரெய்லர் சக்கரத்துல வச்சுடுங்களேன்" என்றார்.

"அதுக்கு வச்சா அது நல்லா ஓடும். ஓட வேண்டியது இதுவாச்சே!" என்றாள் அம்மா. பிறகு அவளே ஒரு முடிவுக்கு வந்து, படகின் மூக்கிலேயே பழத்தை வைத்து உள்ளங்கையால் ஓங்கி அடித்துப் பிழிந்தாள். புது வார்னிஷில் சாறு வழிந்தது. சார் கண்ணை மூடிக்கொண்டார்.

படகு மிதந்தது. சார் ஸ்டீயரிங்கில், நான் பின்னால் மூடியைத் திறந்து வைத்த இன்ஜின் பக்கத்தில். இரண்டு பேருக்கும் ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட். நீச்சல் எனக்கும் தெரியாது, அண்ணாத்தேக்கும் தெரியாது. அவர் அம்மாவோடு கரையில் நின்றுகொண்டார்.

சார் சாவியைத் திருப்பினார். ஒரு செருமல், ஒரு புகை, அப்புறம் கொட கொடவென்று பிடித்துக்கொண்டது. புகைக்குழாயிலிருந்து தண்ணீர் பீச்சியது.

"டேய், பைப்பு ஒடஞ்சிடுச்சுடா!" என்று அம்மா கத்தினாள்.

"அப்டித்தான் வரணும் தங்கச்சி. குட்டத் தண்ணி உள்ள போயி இன்ஜின குளுர வச்சிட்டு வெளிய வருது. வரலன்னாதான் பேஜாரு" என்றார் அண்ணாத்தே.

சார் கியர் கம்பியை முன்னால் தள்ளினார். படகு பின்னால் போனது.

முதலில் எனக்குப் புரியவில்லை. கரைதான் நகர்கிறதோ என்று நினைத்தேன். சார் இன்னும் கொஞ்சம் வேகம் கொடுத்தார். படகு இன்னும் வேகமாகப் பின்னால் பாய்ந்து, கரையோரக் கோரைப் புல்லுக்குள் சொருகி நின்றது.

"ஏன் தம்பி, அவங்க எங்க போறாங்க?" என்று அம்மா குட்டி யானை டிரைவரைக் கேட்டது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

சார் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் அண்ணாத்தேவைப் பார்த்தேன். அண்ணாத்தே தன் கையைத் தூக்கி, விரல்களை இறக்கை மாதிரி விரித்து, இந்தப் பக்கம் ஒரு தடவை அந்தப் பக்கம் ஒரு தடவை திருப்பிப் பார்த்துவிட்டு, அப்படியே தலையில் வைத்துக்கொண்டார். காத்தாடி இறக்கைகள் எதிர்ப்பக்கம் சாய்ந்தவை. அதை வாங்கிய, அளந்த, தட்டிப் பார்த்த மூன்று பேரில் ஒருவரும் சாய்மானத்தைப் பார்க்கவில்லை.

சார் வயிறு குலுங்கச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கரையில் அம்மா இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டிருந்தாள்.

"சார், இன்ஜின் மேல தப்பில்ல. ரிவர்ஸ்ல போட்டா முன்னால போகும்ல? அப்படியே டெஸ்ட் பண்ணிடலாமா?" என்றேன். குரல் கெஞ்சுகிற மாதிரிதான் வந்தது.

அவர் யோசித்தார். "முழு வேகம் வேண்டாம். ரிவர்ஸ் கியர் முக்கால் வேகம் வரைக்கும் தாங்கும். வா, பார்த்துடலாம்."

கம்பியைப் பின்னால் இழுத்தார். படகு முன்னால் கிளம்பியது. கோரையை விட்டு வெளியே வந்து, குட்டையின் நடுவுக்குப் போய், மூக்கைத் தூக்கியது. தண்ணீர் இரண்டு பக்கமும் இறக்கை மாதிரி விரிந்தது. எனக்கு இன்ஜின் சத்தத்தைத் தவிர வேறெதுவும் காதில் விழவில்லை. நாலு சிலிண்டரும் ஒரே குரலில் பேசின. ஏற்றினோம், இறக்கினோம், திரும்பினோம்.

பாதி நேரம் போயிருக்கும். டெம்பரேச்சர் முள் சிவப்பை நோக்கி நகர ஆரம்பித்தது. புகைக்குழாயில் தண்ணீர் நூல் மாதிரி மெலிந்திருந்தது.

"நிறுத்துங்க சார்!"

நடுக்குட்டையில் இன்ஜின் அடங்கியது. அந்த அமைதியில் எனக்குக் கழுத்தில் டேக் ஏறிவிட்ட மாதிரியே இருந்தது. ஹெட் கேஸ்கட்டா? பம்ப்பா? தண்ணீர் எங்கே நின்றிருக்கும் என்று பின்னாலிருந்து ஒவ்வொன்றாக மனதில் நடந்து வந்தேன். நாங்கள் எங்கே போய்ச் சொருகினோம் என்பது அப்போதுதான் உறைத்தது. வால்வை மூடி, தண்ணீர் உள்ளே வருகிற இடத்தில் இருக்கும் வலையைக் கழற்றினேன். ஒரு கைப்பிடி கோரையும் பாசியும் அடைத்துக் கிடந்தன. வழித்து எறிந்து, திரும்ப மாட்டி, வால்வைத் திறந்தேன்.

கரையில் அப்போது நடந்ததை அண்ணாத்தே பிற்பாடு சொன்னார்.

"நின்னு போச்சா அண்ணே?" என்று அம்மா கேட்டிருக்கிறாள்.

"நிக்கல தங்கச்சி. நிக்க வச்சிகீறான்."

"ரெண்டுக்கும் இன்னா வித்தியாசம்?"

"தானா நின்னா நான் அழுவேன். இதுக்கு அழ வேணாம்."

ஒரே திருப்பில் ஸ்டார்ட் ஆனது. தண்ணீர் மறுபடி பீச்சியது, முள் மெல்ல இறங்கியது. மிச்ச நேரம் முழுக்க நான் அந்த முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன், அது அசையவில்லை.

கரைக்கு வந்ததும் சார், "அம்மா, ஒரு ரவுண்டு வாங்க" என்று கூப்பிட்டார். மாட்டேன் மாட்டேன் என்று சொல்லிக்கொண்டே செருப்பைக் கழற்றி அண்ணாத்தே கையில் கொடுத்தாள். லைஃப் ஜாக்கெட்டுக்குள் புடவை முந்தானையைச் செருகி ஏறி உட்கார்ந்தாள். போகும்போது என் தோளை நகம் பதியப் பிடித்திருந்தாள். திரும்பி வரும்போது ஒரு கை தண்ணீரில் இருந்தது.

இறங்கி, முகத்தைத் துடைத்துக்கொண்டு, நேராக அண்ணாத்தேவிடம் போனாள்.

"நாளைக்கு அவன் உங்ககிட்டயே வருவான். ஆனா ஒண்ணு. இனிமே என் புள்ளைய டீ வாங்க அனுப்பாதீங்க. அவன் இன்ஜினு கட்றவன்."

"அப்ப டீ யாரு வாங்கறது?" என்றார் அண்ணாத்தே, இன்னும் செருப்பைப் பிடித்தபடி.

"காத்தாடி வாங்கனவரே வாங்கட்டும்."

திங்கட்கிழமை பதினோரு மணிக்கு அண்ணாத்தே தூக்குச் சட்டியை எடுத்துக்கொண்டு முணுமுணுத்தபடி எஸ்டேட் முனைக்குப் போனார். அங்கே யாரிடமோ நின்று வெகுநேரம் பேசிவிட்டு வந்தார். டீ ஆறிப்போயிருந்தது. நான் "பிரமாதம்" என்று சொல்லிக் குடித்தேன்.