நெகட்டிவ்வாகவே இருக்கட்டும்

வேலையில் இருந்தவரை எந்த இயந்திரத்தையும் மூடியைத் திறந்து பார்க்காமல் நம்பாத லிஃப்ட் மெக்கானிக், ஓய்வு பெற்ற பிறகு கம்ப்யூட்டரிடம் வந்து வசமாக மாட்டிக்கொண்டார்.

எல்லாம் மனைவிக்காகத்தான். அந்த வீட்டில் போட்டோ எடுப்பவள் அவள். கூடவே பையைத் தூக்கிக்கொண்டு நடப்பது இவருடைய உத்தியோகம். கழுவி வந்த பிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "இதுல சித்தி கண்ணை மூடிட்டாங்க, பிரிண்ட் போட வேண்டாம்" என்று நெகட்டிவ்விலேயே முகம் படித்துவிடுவாள். அப்படிப்பட்ட கண்ணுக்கு இப்போது எல்லாம் மங்கல். வெளிச்சம் பட்டால் கூசிக் கலங்குகிறது. இனி தேறாது, இருப்பதும் மெல்லக் குறையும் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். கொஞ்சமாவது தெரியும்போதே அவள் எடுத்த படங்களை டிவியில் பெரிதாக்கி அவளுக்குக் காட்டிவிட வேண்டும். மெக்கானிக்குக்குக் கவலையெல்லாம் அது ஒன்றுதான்.

மகள் ஸ்கேனர் வாங்கி அனுப்பினாள். எந்த மென்பொருள் என்று சொல்வது மருமகன் பொறுப்பு.

"கண்ணை மூடிட்டு இதை வாங்குங்க மாமா. தூசி, கீறல் எல்லாத்தையும் அதுவே எடுத்துடும்."

"கண்ணைத் திறந்து பாக்கத்தானே மாப்பிள்ளை வாங்குறோம்?" என்றார் இவர். முதலில் ஸ்கேனரோடு சும்மா வந்த மென்பொருளைப் போட்டுப் பார்த்தார். டிவி முழுக்கப் பால் கொட்டினதுபோல் இருந்தது. சரி என்று மருமகன் சொன்னதையே வாங்கினார். அடேயப்பா, கடற்கரை மணலை எண்ணிவிடலாம்! மனைவியை உட்காரவைத்துக் காட்டினார். அவள் கண்ணை இடுக்கிக்கொண்டு, "நல்லாத்தாங்க இருக்கு" என்றாள். இவர் சமைக்கிற நாளில் சாப்பாட்டைப் பற்றியும் அப்படித்தான் சொல்வாள். அவர் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதார்.

இருந்தாலும் விடவில்லை. யாரோ எழுதி இலவசமாகக் கொடுத்திருந்த மூன்றாவது மென்பொருள் ஒன்றைத் தேடிப் பிடித்தார். திரை முழுக்கப் பொத்தான்கள், பார்க்கச் சகிக்காது. மெக்கானிக்குக்கோ லிஃப்டின் கன்ட்ரோல் பேனலையே கண்டதுபோல் உற்சாகம். ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்த குஷியில், உள்ளே வைத்திருப்பது நெகட்டிவ் என்று அதற்குச் சொல்ல மறந்துபோனார். அதே கடற்கரைப் படம் டிவியில் தலைகீழ் நிறத்தில் வந்து நின்றது. வானம் கன்னங்கரேல், ஆட்களின் கறுப்பு உடையெல்லாம் வெள்ளை. தன்னையே திட்டிக்கொண்டு மூடப் போனார்.

"இருங்க, மூடாதீங்க!"

அவள் எழுந்து டிவிக்குப் பக்கத்தில் வந்துவிட்டாள். "எங்க அக்கா! இடுப்புல கையை வச்சுட்டு நிக்கிறா பாருங்க. சண்டை போட்டுட்டு வந்த அன்னிக்கு எடுத்தது."

கூசவைக்கும் வெள்ளை வானம் கறுத்துவிட்டதால் கண் கலங்கவில்லை. நெகட்டிவ்வில் முகம் படிப்பதுதான் அவளுக்குப் பழகிய வேலையாயிற்றே.

வாங்கின மென்பொருளில் இப்படியே விட வழி உண்டா என்று மெக்கானிக் தேடினார். அது தானாகவே படத்தை நேர் நிறத்துக்கு மாற்றிவிட்டுத்தான் மறுவேலை பார்த்தது. அந்த மென்பொருள் எப்படி என்று மருமகன் போனில் கேட்டபோது, "உங்க ஆளு ரொம்பக் கெட்டிக்காரன் மாப்பிள்ளை. எனக்குச் சொன்னதைக் கேக்குறவன் போதும்" என்று சொல்லிவிட்டார்.

அன்று மாலை முழுவதும் படங்கள் ஓடின. அவள் பேர் சொல்லிக்கொண்டே வந்தாள். ஒரு படத்தில், மொட்டை மாடியில் லிஃப்ட் மோட்டார் அறை வாசலில், கையில் ஸ்பேனரோடு ஓர் இளைஞன் நின்றான். அவனுடைய கறுத்த சுருட்டை முடி நெகட்டிவ்வில் வெள்ளை வெளேரென்று இருந்தது. அவள் டிவியை இன்னும் நெருங்கிப் போனாள்.

"ஏங்க, இப்ப உங்க முடி எப்படி இருக்கு?"

அவர் தலையைத் தடவிக்கொண்டார். "இப்படியேதான். ஒரு முடிகூடக் கறுப்பு இல்லை."

அவள் டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ரொம்ப நாளாச்சுங்க, உங்களைப் பாத்து" என்றாள்.

அடுத்த படத்துக்குப் போக அவருக்கு மனம் வரவில்லை.