ஆற்றோரத்து நீல வீடு

மணிமொழிக்குப் பகலிலும் கனவு வரும். குழந்தைகள் பாதுகாப்பு வேலைக்கு வந்த நாளிலிருந்தே அப்படித்தான். பேருந்தில் கண் அசந்தால், அவள் மீட்டெடுத்த பிள்ளைகள் ஏதோ ஒரு கடற்கரையில் ஓடிக்கொண்டிருப்பார்கள். ஒருவரிடமும் அதைச் சொன்னதில்லை.

தியாகராய நகரில் வெளிப்பக்கம் பூட்டியிருந்த ஒரு வீட்டிலிருந்து ஜாஸ்மினை அவள்தான் போலீஸ்காரரோடு போய் அழைத்து வந்தாள். பத்து வயதிருக்கும். வீட்டு வேலை எல்லாம் அந்தப் பிள்ளை தலையில். மணிக்கட்டில் இஸ்திரிப்பெட்டி சுட்ட தழும்பு. எதிர்வீட்டுக்காரர் போன் செய்திராவிட்டால் வெளியே தெரிந்திருக்காது.

மணிமொழி எதையும் துருவிக் கேட்கவில்லை. காப்பகத்தில் வயிறாரச் சாப்பிட்டு, தூங்கித் தூங்கி எழுந்த பிறகு பிள்ளை தானாகவே வாய் திறந்தது.

"அடையாறு கடல்ல சேர்ற எடத்தாண்ட எங்க வூடு கீது, ஆன்ட்டி. நீலக் கலரு. அம்மா பேரு சொர்ணம்."

குழந்தைகள் நலக் குழுவில் அனுமதி வாங்கி, ஒருநாள் காலையில் ஆட்டோவில் கூட்டிப் போனாள். அடையாறு கடலைத் தொடும் இடத்தில் வெயில் புகைபோலப் படர்ந்திருந்தது. அங்கே வீடு இல்லை. புல்லும் உடைந்த செங்கல்லும்தான்.

ஜாஸ்மின் அழவில்லை. ஓரிடத்தில் தலையைக் குனிந்து உள்ளே நுழைவதுபோல நுழைந்தாள். "இங்க அடுப்பு. இங்க அம்மா படுக்கும்." பின்னால் போன மணிமொழியும் தன்னையறியாமல் தலை குனிந்துதான் போனாள். நீலச் சுவரின் குளுமைகூட மேலே பட்டதுபோல இருந்தது.

சாலையோரம் மீன் விற்றுக்கொண்டிருந்த பழைய பக்கத்து வீட்டுக்காரி தேசம்மா கூடையை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

"சொர்ணம் பொண்ணா நீ? கவர்மெண்ட்டுல வூட்டயெல்லாம் இடிச்சு பெரும்பாக்கம் ஹவுசிங் போர்டுக்கு அனுப்பிட்டாங்கம்மா. உங்கம்மா லீவு கெடச்சா இங்க வந்து குந்திக்கினு இருக்கும். 'எம்பொண்ணு தேடிக்கினு வந்தா இங்கதான வரும்'னு சொல்லும்."

தேசம்மாவே சொர்ணத்துக்குப் போன் போட்டாள். சொர்ணம் வேலைக்குக் கட்டிய சேலையோடு வந்து இறங்கினாள். ஜாஸ்மின் மணிமொழியின் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

"என்னிய ஏன் அனுப்புன?"

"ஸ்கூல்ல சேக்கறேன்னு சொல்லித்தான் அந்தப் பொம்பள இட்டுக்கினு போனா, கண்ணு. அப்புறம் அவ போனே போவல." சொர்ணம் புல்லில் சரிந்து உட்கார்ந்தாள். வெகுநேரம் கழித்து மகள் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள், கொஞ்சம் தள்ளியே.

புறப்படும் நேரம்தான் கொடுமை.

"எம்புள்ளய எங்க இட்டுக்கினு போற?"

"இன்னிக்கு அனுப்ப முடியாதும்மா. விசாரிச்சுட்டு கமிட்டிதான் சொல்லணும். நீங்க தினமும் வந்து பாருங்க."

சொர்ணம் திட்டினாள். மணிமொழி வாங்கிக்கொண்டாள். ஆட்டோ கிளம்பியதும் அவளுக்கும் கண் கலங்கியது.

சொர்ணம் காப்பகத்துக்கு வந்துகொண்டே இருந்தாள். இடையிலிருந்த தூரம் மெல்ல மெல்லக் குறைந்தது. கமிட்டியும் சம்மதிக்க, பள்ளி திறந்தபோது ஜாஸ்மின் அம்மாவோடு பெரும்பாக்கத்துக்குப் போய்விட்டாள். தியாகராய நகர் வீட்டுக்காரர்கள்மீதும் அழைத்துப் போனவள்மீதும் வழக்கு நடக்கிறது.

பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று பார்க்க மணிமொழி ஒருநாள் போயிருந்தாள். டீ ஆற்றிக்கொண்டே சொர்ணம் சொன்னாள்: "இனிமே எவ வந்து இன்னா சொன்னாலும் அனுப்ப மாட்டேன்."

"அனுப்புனாலும் நான் போவ மாட்டேன்" என்றாள் ஜாஸ்மின், வீட்டுப்பாடத்திலிருந்து தலை நிமிராமல்.