மூன்று மீட்டர் இடைவெளியில் நட்ட கம்ப்யூட்டர் புரோகிராம்

காட்டையும் காட்டுயிர்களையும் காக்கிற அரசாங்க அலுவலகத்தில் ஆயுசில் பாதியைக் கழித்தவன் நான். ஒரு மரம் நட்டதில்லை, ஒரு புலியைக் கண்ணால் பார்த்ததில்லை, ஆனால் என் கையெழுத்து இல்லாமல் அங்கே ஒரு புல்லும் முளைத்ததில்லை.

நான் அலுவலகக் கண்காணிப்பாளர். 'சூப்பிரண்டு' என்றால்தான் யாருக்கும் தெரியும். மார்ச் மாதம் பிறந்தாலே தூக்கம் தொலைகிற கூட்டத்தைச் சேர்ந்தவன். உங்களில் யாராவது நிதியாண்டின் கடைசி நாளில் பில்லைக் கையில் பிடித்துக்கொண்டு கருவூல வாசலில் நின்றிருந்தால், நீங்கள் எனக்குக் கூடப்பிறந்தவர் மாதிரி. உங்களிடம்தான் இதையெல்லாம் கூச்சமில்லாமல் சொல்ல முடியும்.

கழுத்துச் சுளுக்கு

தொண்ணூறுகளில் ஒரு நாள் மெட்ராஸிலிருந்து எங்கள் திருநெல்வேலி அலுவலகத்துக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்து இறங்கியது. அனுப்பியவர்கள், அதற்குள் ஓட ஒரு புரோகிராமும் வேண்டும் என்பதை மறந்துவிட்டார்கள். கட்டிலை நாங்கள் தருகிறோம், தூக்கத்தை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள் என்று நினைத்தார்களோ என்னவோ.

எங்கள் அதிகாரி கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர். தங்கமான மனுஷர், ஆனால் அவசரக்காரர். உடனே கூட்டம் போட்டார். காட்டில் காவல் சுற்றுகிற வாட்சர்கள் எந்த மிருகத்தை எங்கே பார்த்தோம் என்று தினமும் எழுதித் தருகிறார்கள். அதெல்லாம் மூட்டை கட்டிக் கிடக்கிறது. கேட்ட மாத்திரத்தில் பதில் சொல்கிற மாதிரி அதைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். "யாரு எடுத்துப் பண்றீங்க?" என்றார்.

நம் ஆட்களைப் பற்றிச் சொல்லவா வேண்டும்? மொத்தக் கூட்டமும் தலையைக் குனிந்துகொண்டது. நானும் குனியத்தான் பார்த்தேன். முந்தின ராத்திரி தலையணை மாறிப் படுத்ததில் கழுத்து சுளுக்கிக்கொண்டு, தலை கொடிமரம் மாதிரி நட்டமாக நின்றது. அதிகாரி முகமெல்லாம் மலர என்னைப் பார்த்தார்.

"தைரியமா நிமுந்து உட்கார்ந்திருக்கறது நம்ம சூப்பிரண்டு ஒருத்தர்தானுங்க. அவரே பார்த்துக்கட்டும்."

ஓடோணும்

கூட்டம் முடிந்து என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "மார்ச் முப்பத்தொண்ணுக்குள்ள புரோகிராம் ஓடோணும். ஓடலைன்னா நீங்க ஓடோணுமுங்க. தர்மபுரிப் பக்கம் ஒரு எடம் காலியா இருக்குது" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அவர் சிரித்துக்கொண்டே சொன்னதெல்லாம் நடந்திருக்கிறது.

என் மனைவி கோமதி அரசு உயர்நிலைப் பள்ளியில் டீச்சர். கல்யாணமானதிலிருந்து நான் ஒரு ஊர், அவள் ஒரு ஊர். சனிக்கிழமை ராத்திரி பஸ், ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பஸ் என்று நடத்திய குடும்பம் அது. எத்தனையோ பேர் காலைப் பிடித்து அந்த வருஷம்தான் இரண்டு பேரும் பாளையங்கோட்டையில் ஒரே வீட்டில் இருந்தோம். சாயங்காலம் அவள் பள்ளிக்கூடம் விட்டு வர, நான் காப்பி போட்டு வைத்திருக்க, இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து குடிப்போம். மற்ற வீடுகளில் அது ஒரு விசேஷமே இல்லை. எனக்கு அதுதான் தீபாவளி. அதை விட்டுக்கொடுக்க நான் தயாராயில்லை.

அன்றைக்கும் காப்பியைக் கொடுத்துவிட்டு, சுளுக்கினால் வந்த வினையைச் சொல்லி முடித்தேன். இரண்டு ஆறுதல் வார்த்தை வருமென்று பார்த்தேன்.

"காலையிலயே தைலம் தேய்ங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். கேட்டீங்களா?"

ஆளுக்கொரு ஆசை

புரோகிராம் எழுத ஆள் தேடியதில் ஜாபர் கிடைத்தான். மேலப்பாளையத்துப் பையன். சவூதியிலிருந்து வாப்பா அனுப்பிய பணத்தில் பாளை மார்க்கெட் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தான். கெட்டிக்காரன். ஆனால் காடு என்றால் அவனுக்குத் தெரிந்தது வ.உ.சி. மைதானத்துக்குப் பக்கத்தில் நிற்கிற நாலு வேப்பமரம்தான். "ஒவ்வொருத்தருக்கும் இதுல என்ன வேணும்னு கேட்டுச் சொல்லுங்க அண்ணாச்சி, அதை வச்சுத்தான் எழுதணும்" என்றான்.

கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. ரேஞ்சர் தன் பயணப்படி பில்லை அது தானே போட வேண்டும் என்றார். ஸ்டோர் குமாஸ்தா, லாந்தரும் மண்வெட்டியும் எத்தனை காணாமல் போனது என்று அது சொல்லக் கூடாது, இருக்கிறதை மட்டும் சொன்னால் போதும் என்றார். டிரைவர், ஜீப் எங்கே நிற்கிறது என்று தெரியாத மாதிரி செய்ய முடியுமா என்று ரகசியமாகக் கேட்டார். அதிகாரிக்குத் திரையில் ஒரு வரைபடமும், அதில் புலி ஒன்று நடந்து போவதும் வேண்டியிருந்தது. எல்லாவற்றையும் எழுதிக்கொண்டுபோய் ஜாபரிடம் நீட்டினேன். பைய வாசித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தான்.

"அண்ணாச்சி, இதச் செய்யதுக்குப் பதிலா ஒரு அரசாங்கமே நடத்திரலாம்லா?"

இடைவெளி: பொருந்தாது

கடைசியில், மிருகம் பார்த்த விவரம் மட்டும் என்று முடிவானது. இனிப் பணம். எங்கள் கணக்கர் சுப்பையா அண்ணாச்சி செலவுத் தலைப்புகளை மனப்பாடமாகச் சொல்லுவார். வேலி உண்டு, தடுப்பணை உண்டு, நாற்றங்கால் உண்டு, மான் நக்குவதற்கு உப்புக்கட்டி வாங்கக்கூடத் தலைப்பு உண்டு. புரோகிராமுக்கு இல்லை. "கண்ணுக்கும் தெரியாது, கைக்கும் சிக்காதுங்கீரு. அப்பிடியாப்பட்ட சாமானுக்கு எந்தக் கழுதை வே வவுச்சர் போடுவான்?" என்று கேட்டார்.

சரி, புதிய திட்டம் என்று மேலிடத்துக்கு எழுதுவோம் என்றால், புதிய திட்டத்துக்கு ஒரே ஒரு அச்சடித்த படிவம்தான் இருந்தது. அது மரம் நடுவதற்கு உள்ளது. என்ன இனம், எத்தனை குழி, என்ன இடைவெளி, முதல் வருஷம் நடவு, நட்டதில் நூற்றுக்கு இருபது பட்டுப்போகும் என்று வைத்து அதற்கு மாற்று நடவு, அப்புறம் பராமரிப்பு. தனித் தாளில் எழுதி அனுப்பினேன். 'உரிய படிவத்தில் அனுப்புக' என்று திரும்பி வந்தது. படிவத்தில் இனம்: கம்ப்யூட்டர் புரோகிராம், இடைவெளி: பொருந்தாது என்று எழுதினேன்; 'இடைவெளி குறிப்பிடப்படவில்லை' என்று மறுபடியும் வந்தது.

பொங்கல் முடிந்திருந்தது. தர்மபுரி கண்முன்னே வந்து நின்றது. கோபம் என்றால் அப்படியொரு கோபம் எனக்கு. கம்ப்யூட்டர் இருந்த அறையை அளந்தேன். இடைவெளி: மூன்று மீட்டருக்கு மூன்று மீட்டர். குழி: ஒன்று. மாற்று நடவு: விதிப்படி. பராமரிப்பு: விதிப்படி. எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டு, வேலை போனால் போகட்டும் என்று உட்கார்ந்துவிட்டேன். பத்தே நாளில் அனுமதியும் பணமும் வந்தன. சுப்பையா அண்ணாச்சி உத்தரவை இரண்டு தடவை படித்தார்.

"நல்லவேளை வே, உரம் எவ்வளவுன்னு கேக்கல."

குளிர்

கம்ப்யூட்டர் இருந்த அறைக்கு மட்டும் ஏசி. திருநெல்வேலி வெயிலை உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம். ஜாபர் வேலையை ஆரம்பித்த அன்றிலிருந்து அலுவலகத்தில் அத்தனை பேருக்கும் புரோகிராம் மேல் தீராத அக்கறை வந்துவிட்டது. வாசலில் செருப்புகள் கல்யாண வீடு மாதிரி கிடக்கும். உள்ளே போனால் சுப்பையா அண்ணாச்சி நாற்காலியைச் சுவரில் சாய்த்துக் கண்ணை மூடியிருப்பார். ஜாபருக்குக் கை வைக்கத்தான் இடம் இருக்காது.

'வேலையில்லாதவர்கள் உள்ளே வரக்கூடாது' என்று நானே ஒரு பலகை எழுதி மாட்டினேன். மறுநாள் அரை மணி நேரம் ஓய்வெடுக்கலாம் என்று நானே போனேன். ஜாபர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"பலகையப் பாக்கலியா அண்ணாச்சி?"

திமிங்கலம்

மார்ச் கடைசி வாரம் மெட்ராஸிலிருந்து பெரிய அதிகாரி வந்தார். அவர் பார்த்துத் தலையாட்டினால் நான் பாளையங்கோட்டையில், இல்லையென்றால் தர்மபுரியில். காலையில் கோமதி நெற்றியில் திருநீறு பூசி அனுப்பியிருந்தாள். கரண்டு இருந்தது. கம்ப்யூட்டர் ஓடியது. எங்கள் அதிகாரி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "போன மாசம் மலையில் என்னென்ன தென்பட்டது?" என்று பெரியவர் கேட்க, ஜாபர் ஒரு தட்டுத் தட்டினான். வரிசையாக விழுந்தது: சிங்கம் நான்கு. ஒட்டகச்சிவிங்கி இரண்டு. பனிக்கரடி ஒன்று. தடுப்பணை அருகில், தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது, திமிங்கலம்.

எங்கள் அதிகாரியின் முகம் சுண்ணாம்பாய் வெளுத்துப்போனது. ஜாபரைப் பிடித்து வெளியே இழுத்துவந்து, "என்னலே இது, குடியைக் கெடுத்துட்டியேலே!" என்று கத்தினேன். அவன் அழாத குறையாக நின்றான். சோதித்துப் பார்க்க இரண்டு மாதம் முன்னால் மிருகப் பெயர் கேட்டானாம். நான் பில் எழுதுகிற மும்முரத்தில் தலையைத் தூக்காமல் பதில் சொன்னேனாம். சென்டரில் மாட்டியிருந்த மிருகப் படத்தைப் பார்த்து ஏற்றிவிட்டானாம். அசல் விவரத்தை யாருமே அவனுக்குக் கொடுக்கவில்லை. கொடுக்க வேண்டிய 'யாரும்' நான்தான்.

"நீங்கதான அண்ணாச்சி 'உனக்குத் தெரிஞ்ச மிருகத்தப் போடுலே'ன்னு சொன்னிய?"

பட்டுப்போனது

பெரியவர் கோபப்படவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது. புன்னக்காயலில் அலையாத்திக் காடு பார்த்துவிட்டு நாலு நாளில் திரும்புவதாகவும், அதற்குள் உள்ளூர் மிருகங்களை வரவழைத்து வைக்கும்படியும் சொல்லிவிட்டுப் போனார். நாலு நாளில் மூட்டை மூட்டையாகக் கிடக்கிற தாள்களை ஏற்ற, ஜாபர் சென்டரிலிருந்து ஆட்களும் இன்னும் இரண்டு மிஷினும் வேண்டும். நடவுக்கென்று வந்த பணம் பூராவும் தீர்ந்திருந்தது. அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்குப் போய்க் காப்பி போடாமல் சும்மா உட்கார்ந்திருந்தேன். கோமதி வந்து பார்த்தாள். அவளே அடுப்பைப் பற்ற வைத்தாள்.

மறுநாள் காலையில் சுப்பையா அண்ணாச்சி, நான் எழுதிய படிவத்தை ஆட்டிக்கொண்டே ஓடிவந்தார். அந்த மனுஷர் ஓடி நான் அதுவரை பார்த்ததில்லை. "ஏன் வே மூஞ்சியத் தொங்கப் போட்டிருக்கீரு? மாத்து நடவுக்குப் பணம் அப்பிடியே கெடக்கு. சிங்கம், கரடி, திமிங்கலம் எல்லாம் என்ன? பட்டுப்போன கன்னு. புடுங்கிப் போட்டுட்டு மறுபடி நடும்!" எனக்கு அவரைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. கட்டியும் கொண்டேன்.

நாலு நாளும் வாட்சர்கள் தாளைப் பார்த்து உரக்க வாசிக்க, சென்டர் ஆட்கள் தட்டினார்கள். நானும் ஒற்றை விரலால் தட்டினேன். பெரியவர் திரும்பி வந்து, கடமான் எங்கே அதிகம் என்று கேட்டார், சொன்னது. கருங்குரங்கு எங்கே என்று கேட்டார், அதையும் சொன்னது. எல்லாம் கேட்டுவிட்டுத் திருப்தியாக எழுந்தார்.

"எல்லாம் சரிதான், ஆனா திமிங்கலம் இல்லாம என்னவோ மாதிரி இருக்கு."

தணிக்கை

மே மாதம் தணிக்கைக்காரர் வந்தார். படிவத்தைப் பார்த்துவிட்டு, நடவு நடந்த இடத்தைக் காட்டச் சொல்லி, குடையும் தொப்பியுமாகப் புறப்பட்டார். செருப்பைக் கழற்றச் சொல்லி ஏசி அறைக்குள் கூட்டிப்போனேன். குழி எங்கே என்றார், அறையைக் காட்டினேன். ஆடு மாடு மேயாமல் காவல் உண்டா என்றார்; ரகசியச் சொல் போடாமல் ஒருத்தரும் உள்ளே போக முடியாது என்றேன். மாட்டிக்கொண்டோம் என்றுதான் நினைத்தேன். அவர் ஜாபரைத் தட்டச் சொல்லி, மிருகங்கள் ஒவ்வொன்றாக வருவதை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என் சர்வீசுல தணிக்கை பண்ணின நடவுலயே, நட்டது நட்ட எடத்துல உசுரோட நிக்கிறது இது ஒண்ணுதான் சார்."

உத்தரவு

தர்மபுரிக்கு வேறு யாரோ போனார்கள். அதிகாரி என் முதுகில் தட்டினார். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, இருட்டுக்கடை வாசலில் வரிசையில் நின்று அல்வா வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். கோமதி மேஜையில் ஒரு கவரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தலைமையாசிரியையாகப் பதவி உயர்வு. ஊர், ராமநாதபுரத்துக்கும் அந்தப்பக்கம். அல்வா கையிலேயே இருந்தது. பொட்டலத்தைப் பிரித்து முதல் துண்டை அவளுக்குக் கொடுத்தேன்.

மறுநாள் காலையில் முதல் வேலையாக, என்னையும் ராமநாதபுரத்துக்கே மாற்றச் சொல்லி அதிகாரியிடம் போய் நின்றேன். பதறிப்போனார். "ஏனுங்க, விளையாடறீங்களா? புரோகிராம் வெச்சிருக்கற ஒரே ஆபீசு நம்முளுது. அதைத் தெரிஞ்ச ஒரே ஆளு நீங்க. நான் இங்க இருக்கற வரைக்கும் உங்களை யாரும் தொட முடியாதுங்க!" என்று உறுதி கொடுத்தார். அவர் சிரிக்காமல் சொன்னதும் நடந்தது.

கோமதி புறப்பட்ட ஞாயிற்றுக்கிழமை ராத்திரி, பஸ் ஸ்டாண்டில் பெட்டியைத் தூக்கிக் கொடுத்துவிட்டு ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவளுக்கும்தான். ஆனால் அவள் டீச்சர் இல்லையா, பஸ் நகரும்போது குரலைச் சரிசெய்துகொண்டாள்.

"நீங்க காட்டைக் காப்பாத்துங்க, நான் பள்ளிக்கூடத்தைக் காப்பாத்துதேன். லீவு கிடைச்சா ரெண்டு பேருமாச் சேந்து குடும்பத்தைக் காப்பாத்துவோம்."

ஆகவே என் அருமைச் சகாக்களே, அரசாங்க வேலையைக் கெடுத்தால் ஊரை விட்டு விரட்டுவார்கள், ஒழுங்காகச் செய்தால் ஊரை விட்டு நகர விடமாட்டார்கள், பெண்டாட்டியோடு ஒரே ஊரில் இருக்க வேண்டுமானால் பாதி கெடுத்துப் பாதி செய்யத் தெரிந்திருக்க வேண்டும், அந்த வித்தை ஓய்வு பெறுகிற நாள் வரைக்கும் எனக்குக் கைவரவில்லை.