முள்கரண்டி இடது பக்கம்

என் கணவருக்குப் போன வருடம் பக்கவாதம் வந்து போனது. வந்து போனது என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். நடை திரும்பிவிட்டது, பேச்சு திரும்பிவிட்டது, என்னோடு சண்டை போடும் தெம்பும் திரும்பிவிட்டது. இதற்காக நான் தினமும் சாமிக்கு நன்றி சொல்கிறேன். ஆனால் போகிறபோது அது அவருடைய வலது கை விரல்களை எடுத்துக்கொண்டு போய்விட்டது. கை இருக்கிறது, தூக்குகிறார், விரல்கள் மட்டும் எதையும் பிடிக்க மாட்டேன் என்கின்றன.

நாங்கள் பிழைக்க வந்த இந்தத் தெலுங்குச் சீமையில், பாலாநகரில் ஒரு தொழிற்சாலையில் விமானங்களுக்கான மின்கருவிகளைச் சோதிக்கும் வேலையில் இருந்தவர் அவர். தலைமுடியை விட மெல்லிய கம்பியைப் பற்றவைத்த விரல்கள் அவை. அவற்றால் சாதம் பிசைய முடியவில்லை என்பதை அவரால் தாங்கிக்கொள்ள முடியவில்லை.

இடது கையில் ஸ்பூன் பிடிக்கப் பழகிக்கொண்டார். ஆனால் யாரும் பார்க்கக் கூடாது. திருநெல்வேலியில் அவர் வளர்ந்த வீட்டில் இடது கையை நீட்டினாலே அடி விழுமாம். அதனால் தட்டை எடுத்துக்கொண்டு படுக்கையறைக்குப் போய்க் கதவைச் சாத்திவிடுவார். நான்கூடப் பார்க்கக் கூடாது. தோசையைப் பிய்த்து வைத்தால் தட்டை அப்படியே என் பக்கம் தள்ளிவிடுவார். “என்னைச் சின்னப் பிள்ள ஆக்காத” என்பார். எனக்குப் பொறுமை கிடையாது. மூடிய கதவுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, “அப்படி உள்ள என்ன களவா செய்யுதீங்க?” என்று கத்தியிருக்கிறேன்.

ஒரே ஒரு முறை வெளியே முயன்றார். லோத்குண்டாவில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துக் கோயிலில் அன்னதானம். இலையில் இடது கையை வைத்தார். சாம்பார் ஊற்ற வந்தவர் ஒரு கணம் தயங்கினார், அவ்வளவுதான். ஒரு சொல் சொல்லவில்லை, பாவம், அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை. ஆனால் இவர் பாதி இலையில் எழுந்துவிட்டார். அதன் பிறகு எந்த வீட்டுக்குக் கூப்பிட்டாலும் ‘நக்கோ’தான். வேண்டாம் என்பதற்கு இந்த ஊர்ச் சொல், தொழிற்சாலை கேண்டீனில் பிடித்துக்கொண்டு வந்தது. தமிழில் வேண்டாம் என்றால் நான் வாதாடுவேன் என்று அவருக்குத் தெரியும்.

இந்த நிலையில்தான் திருநெல்வேலியிலிருந்து அவருடைய தங்கை கூப்பிட்டாள். மகனுக்குக் கல்யாணம். இவர்தான் ஒரே தாய்மாமன்.

“நீ போயிட்டு வா. தாலி கட்டுறதைப் போன்ல காட்டு, பாத்துக்கிடுதேன்” என்றார் இவர்.

“தாய்மாமன் போனுக்குள்ள இருந்தே மாலை போடுவாராக்கும்?”

“நக்கோ.”

காரணம் எனக்குத் தெரியும். கல்யாணம் என்றால் பந்தி. சொந்தக்காரர்கள் எல்லோரும் உட்கார்ந்திருக்கும் பந்தியில் தாய்மாமனை முதல் இலையில் உட்கார வைப்பார்கள். தங்கை போனில் அழுதாள். அந்த அழுகை என்னைத் தூங்கவிடவில்லை. அண்ணன் வரவில்லை என்றால் அவளுக்கு அது ஆறாத புண்.

அந்த வாரம் எங்கள் மகள் ஹப்சிகுடாவில் ஏதோ வாங்கப் போனபோது என்னையும் இழுத்துக்கொண்டு போய் ஓர் இத்தாலிய உணவகத்தில் உட்கார வைத்தாள். எனக்கு அந்தச் சாப்பாட்டில் நாட்டம் இல்லை, அதனால் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த மேசையில் ஒரு ஜோடி. வலது கையில் கத்தி, இடது கையில் முள்கரண்டி. வாய்க்குப் போனது இடது கை. அதற்கு அடுத்த மேசையிலும் இடது கை. மூலையில் கோட்டு போட்ட பெரிய மனிதர் ஒருவர், அவரும் இடது கை. நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். “அட்லா சூடொத்து, அம்மா” என்று மகள் தெலுங்கில் அதட்டினாள். அப்படிப் பார்க்காதே என்கிறாள். பார்க்காமல் எப்படி இருப்பேன்? இடது கையால் சாப்பிடுவதை நாகரிகம் என்று வைத்திருக்கும் ஓர் இடம், வீட்டிலிருந்து ஒரு ஆட்டோ தூரத்தில் இருந்திருக்கிறது!

எங்கள் கல்யாண நாள் வந்தது. வெளியே சாப்பிடலாம் என்றேன். நக்கோ என்றார். நான் கெஞ்சவில்லை. “இன்னைக்கு அடுப்பு பத்த வைக்க மாட்டேன், பட்டினி கிடங்க” என்று சொல்லிப் புடவை மாற்றிக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் அவரும் சட்டை மாற்றிக்கொண்டு வந்து நின்றார். பட்டன் ஒன்று மாறிப் போட்டிருந்தது. அதை நான் தொடவில்லை.

அதே ஹப்சிகுடா உணவகம். மதிய நேரம், பாதி மேசைகள் நிறைந்திருந்தன. பரிமாறுபவர் ஒவ்வொரு தட்டுக்கும் வலது பக்கம் கத்தியையும் இடது பக்கம் முள்கரண்டியையும் வைத்துக்கொண்டே வந்தார். எங்களுக்கும் அப்படியே வைத்தார். இவர் அதைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சுற்றிப் பார்த்தார்.

குழல் குழலாக இருக்கும் பாஸ்தாவை வெள்ளைச் சாஸில் கொண்டுவரச் சொன்னேன். கத்தி வேண்டியதில்லை, குத்தி எடுத்தால் போதும். இதையெல்லாம் முன்கூட்டியே மகளிடம் கேட்டு வைத்திருந்தேன்.

“இங்க பாருங்க, எல்லாருமே இந்தக் கையிலதான்” என்று பெரிய விவரக்காரி போலச் சொல்லிவிட்டு, முள்கரண்டியை எடுத்துச் சாப்பிட ஆரம்பித்தேன். இவர் சாப்பிடவில்லை. என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் நானும் பார்த்தேன். பழக்க தோஷம், வலது கையில் பிடித்திருந்தேன்.

சட்டென்று கை மாற்றிக் குத்தினேன். குழல் வழுக்கித் தட்டைத் தாண்டி மேசை விரிப்பில் விழுந்தது. இன்னொன்றைக் குத்தினேன், அது மடியில் விழுந்தது. கல்யாண நாள் பட்டுப் புடவை.

இவர் சிரித்தார். உதட்டுச் சிரிப்பு இல்லை, தோள் குலுங்கும் சிரிப்பு. பக்கவாதத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பை நான் கேட்டதே இல்லை. பக்கத்து மேசையில் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இருந்தது.

“குத்தாதட்டி. கட்டை விரலை மேல வையி. அழுத்து. மணிக்கட்டைத் திருப்பு, முழங்கையைத் தூக்காத.” சொல்லிக்கொண்டே தன் முள்கரண்டியை இடது கையில் எடுத்து ஒரு குழலைக் குத்தி வாயில் போட்டுக் காட்டினார். அத்தனை சுத்தமாக இருந்தது. சாத்திய கதவுக்குப் பின்னால் அவர் தனியாக எவ்வளவு பழகியிருக்கிறார் என்று அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். நான் களவு என்று கத்திய இடத்தில் அவர் வேலை கற்றுக்கொண்டிருந்திருக்கிறார்.

இருவரும் இடது கையால் சாப்பிட்டோம். நான் சிந்தினேன், அவர் சிந்தவில்லை.

“சொதியில தாளிக்க மறந்த மாதிரி இருக்கு” என்றார் சாஸை நக்கிப் பார்த்து.

“இஞ்சிப் பச்சடி இருந்தா சரியாப் போகும்” என்றேன்.

சொதி என்றால் எங்கள் பக்கத்துத் தேங்காய்ப்பால் குழம்பு. கல்யாணத்துக்கு மறுநாள் மறுவீட்டுச் சாப்பாட்டில் அதுதான் ராஜா. அந்தப் பேச்சு எங்களைத் தங்கை வீட்டுக் கல்யாணத்தில் கொண்டுபோய் நிறுத்தியது. பரிமாறுபவர் வந்து தண்ணீர் ஊற்றிவிட்டுப் போனார். நான் மடியில் இருந்த கறையைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

“நீ இதுக்குத்தான கூட்டிட்டு வந்த?” என்றார்.

“ஆமா.”

அவர் பூண்டு ரொட்டி ஒன்றை இடது கையால் எடுத்து என் பக்கம் நீட்டினார். இடது கையால் ஒருவருக்கு ஒன்று கொடுப்பது அவர் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவையாக இருக்கும். நானும் இடது கையாலேயே வாங்கிக்கொண்டேன்.

அந்த உணவகத்துக்கு நான் நன்றி சொல்ல வேண்டும். யாரிடம் போய்ச் சொல்வது? அவர்கள் எல்லோருக்கும் வைப்பது போலத்தான் எங்களுக்கும் வைத்தார்கள். எனக்கு வேண்டியிருந்ததும் அதுதான்.

வீட்டுக்குப் போக ஆட்டோ ஏறினோம். தார்நாகா தாண்டியது. அவர் வெளியே பார்த்தபடியே கேட்டார்.

“பந்தியில ஸ்பூன் கேட்டா தருவாங்களா?”

“தரலேன்னா நம்ம வீட்டு ஸ்பூனைக் கொண்டு போவோம்” என்றேன்.

“சாதம், சொதியெல்லாம் சமாளிச்சிருவேன். அப்பளந்தான் ஸ்பூன்ல வராது.” என் பக்கம் திரும்பினார். “நீ பக்கத்து இலையில உக்காந்து நொறுக்கிப் போட்டிரு.”